ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு எண்பது

1

போன செவ்வாய்க்கிழமை மாலை மூன்றரை மணிக்கு என் மகள் கயலின் துப்பாக்கியில் ஒரு தோட்டா வெடிக்கவில்லை. இதில் எழுத என்ன இருக்கிறது என்று ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம். பதினைந்து வயதுப் பெண்பிள்ளை கையில் துப்பாக்கி எதற்கு என்றும் கேட்பார்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

தெற்கு ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் சிற்றூரில் ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஒரு குறிசுடும் சங்கம் உண்டு. பக்கத்து ஊரில் பேக்கரி மூடிவிட்டார்கள், குறிசுடும் சங்கம் இருக்கிறது. கோவில்பட்டிப் பிள்ளைகள் ஹாக்கி மட்டையோடு மைதானத்துக்குப் போவது போல இங்கே பிள்ளைகள் பயிற்சிக்குப் போகிறார்கள். துப்பாக்கியைச் சங்கத்தில் பூட்டி வைத்திருப்பார்கள். ஐம்பது மீட்டர் தூரத்தில் ஒரு வட்டம், அதன் நடுவில் எட்டணாக் காசைவிடச் சிறிய பத்து மதிப்பெண் புள்ளி. அதில் சுட வேண்டும். இதில் சாகப் போவது காகிதம் மட்டும்தான் என்று என் மாமியாருக்கு நான் போனில் விளக்கியதில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

என் வேலையும் அதே காகிதத்தோடுதான். தோட்டா சோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். எங்களிடம் வருவது விளிம்புத் தோட்டா. சுண்டுவிரலின் நுனி அளவுக்கு இருக்கும். அதன் அடிப்பக்க விளிம்பின் மடிப்புக்குள் மருந்தைச் சுழற்றி நிரப்பியிருப்பார்கள். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பில் இடித்தால் பற்றிக்கொள்ளும். தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு நடுவில் பிறந்தவளுக்கு இதைப் புரிந்துகொள்ள பத்து நிமிடம்கூட ஆகவில்லை. புரிய வைத்தவரின் ஜெர்மன்தான் புரியவில்லை.

தோட்டாக்கள் தொகுதி தொகுதியாக வரும். ஒரே கம்பெனி, ஒரே மருந்து, ஒரே ஈயம். ஆனால் திங்கள்கிழமை செய்த தொகுதியும் வியாழக்கிழமை செய்த தொகுதியும் ஒன்றில்லை. துப்பாக்கிகளும் அப்படியே. ஒரு துப்பாக்கியில் பத்துக் குண்டும் ஒரே ஓட்டைக்குள் போகிற தொகுதி, அடுத்த துப்பாக்கியில் எள்ளை விதைத்தது போலச் சிதறும். ஏன் என்று படித்தவர்களுக்கும் முழுதாகத் தெரியாது. அதனால் போட்டிக்குப் போகிறவர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். நாங்கள் அதை மேசையில் இரும்புப் பிடியில் இறுக்கி, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் பத்துப் பத்தாகச் சுட்டு, சிதறலை மில்லிமீட்டரில் அளந்து, "உன் துப்பாக்கிக்கு இதுதான்" என்று சொல்லி அனுப்புவோம். தொகுதி மாற்றும்போது முந்தைய தோட்டாவின் மேல் பூசிய மெழுகு குழாயில் ஒட்டியிருக்கும். புதியதில் பத்துப் பதினைந்து வீணாகச் சுட்டு, குழாயைப் பழக்கிய பிறகுதான் அளவே எடுக்க வேண்டும்.

பத்துப் பொருத்தம் பார்க்கிற வேலை என்று என் கணவர் சொல்வார். கேலியாகச் சொன்னாலும் அது உண்மைதான். எங்கள் ஜாதகத்தில் ஒன்பது பொருந்தியது.

2

கயலின் துப்பாக்கிக்கு அன்று மூன்றாவது தொகுதி. நானும், எனக்கு மூத்தவரான வெர்னரும் மேசையில். கயல் காதுகளை மூடிக்கொண்டு பின்னால் நின்றாள். ஏழாவது தோட்டாவில் ஊசி இடித்த சத்தம் மட்டும் கேட்டது. குண்டு போகவில்லை.

இதற்கு விதி இருக்கிறது. குழாய் இலக்கைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். அரை நிமிடம் யாரும் தொடக்கூடாது. சில தோட்டாவில் பொறி உள்ளேயே தங்கி, தாமதமாக வெடிக்கும். அரை நிமிடம் கடந்தால் திறந்து எடுத்து மணல் பெட்டியில் போடலாம். வெர்னர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அரை நிமிடம் ஆனதும் கை நீட்டினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

பிடித்ததே எனக்குத் தெரியாது. வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்ததும் தெரியாது. தமிழில், உரக்க. வெர்னர் அறுபது வயது மனிதர். யாராவது தோளில் கை வைத்தாலே ஒரு அடி விலகி நிற்பவர். அவர் அசையாமல் நின்றார். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தொன்று. ஒன்றைக்கூட விடாமல் நூறு வரை வந்து, "இப்போ எடுங்க" என்று அவரிடம் தமிழிலேயே சொன்னேன்.

அவர் எடுத்தார். விளிம்பில் ஊசியின் தடம் பளிச்சென்று இருந்தது. அந்த இடத்தில் மருந்து படியவில்லை, அவ்வளவுதான். நூறு வருடம் காத்திருந்தாலும் அது வெடித்திருக்காது.

"செண்பகம், அரை நிமிடம் போதும். எழுதியே ஒட்டியிருக்கிறது" என்றார். கோபமில்லை. பிறகு படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். வெடிக்காத ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு படிவம். 'காத்திருந்த நேரம்' என்ற கட்டத்தில் அவர் பேனா கொஞ்சம் நின்றது. நூறு விநாடி என்று எழுதினார். பொய் எழுதத் தெரியாத மனிதர்.

காரில் கயல் கேட்டாள். அவள் தமிழ் என்னிடம் கற்றது, அதனால் ஊர்ச் சாயல் உண்டு. கூடவே ஜெர்மன் பிடிவாதமும் உண்டு. "அம்மா, ஏன் நூறு?"

"சும்மா."

"சும்மான்னு யாரும் வெர்னர் கையப் பிடிக்க மாட்டாங்க."

3

கல்யாணத்துக்கு முன் நான் வேலை பார்த்தது ஒரு பட்டாசுக் கம்பெனியில். கோவில்பட்டியில் வேதியியல் படித்துவிட்டு, சும்மா இருக்க வேண்டாமே என்று சேர்ந்தேன். அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, நடுவில் வேம்பு. பின்பக்கம் யாரும் விதைக்காத கரிசல் துண்டு ஒன்று. அங்கேதான் தினமும் சாயங்காலம் சாம்பிள் போடுவோம். அன்றைக்குச் செய்த சரக்கில் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒன்றை எடுத்து வெடித்துப் பார்ப்பது. நான் நோட்டுக்காரி. வெடிப்பவர் சுடலைமுத்து அண்ணாச்சி.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள், நக்கல் அதிகம். கம்பெனிக்குள் பீடியை நினைத்தால்கூட அபராதம் என்பதால் வாயில் எப்போதும் ஒரு வேப்பங்குச்சி வைத்திருப்பார். வெடி வைக்கிற இடத்திலிருந்து முப்பது தப்படி தள்ளி ஒரு செங்கல் சுவர் உண்டு. நீளமான பத்தியால் திரியில் தீ வைத்துவிட்டு, ஓடாமல் நடந்து வந்து அந்தச் சுவருக்குப் பின்னால் என் பக்கத்தில் நிற்பார். ஓடினால் தடுக்கும் என்பார்.

வெடிக்காவிட்டால் நூறு எண்ண வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் வாளித் தண்ணீரோடு போய் அதன்மேல் ஊற்றுவார். எண்ணுவது என் வேலை. கடிகாரம் கூடாது என்பது அவருடைய சட்டம்.

"கடியாரத்தப் பாத்தா உன் கண்ணு அதுல போயிரும். கண்ண வெடி மேல வை, வாயால எண்ணு. எனக்குக் கேக்குத மாதிரி எண்ணு. நீ நூறுன்னா நான் போவேன்."

"நான் தப்பா எண்ணிட்டா?"

"காலேசு படிச்ச புள்ள, நூறு வரைக்கும் எண்ணத் தெரியாதாக்கும்!"

இரண்டு வருடத்தில் நாற்பது ஐம்பது தடவையாவது எண்ணியிருப்பேன். ஒருமுறைகூட எண்ணி முடிக்குமுன் அவர் சுவரைத் தாண்டியதில்லை.

4

அன்று என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை ஜெர்மனியில் இஞ்சினியர், மூன்று வார லீவு, அதில் இரண்டு வாரம் போய்விட்டது. எங்கள் வீடு புதூர்ப் பக்கம். ஐந்து மணிப் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழரைக்கு. "அஞ்சு மணிப் பஸ்ஸ விட்டியோ, அப்புறம் ஆயுசுக்கும் பட்டாசுதான் சுத்தணும்" என்று அம்மா காலையிலேயே மிரட்டி அனுப்பியிருந்தாள்.

மத்தியானம் ஒரு தூறல் போட்டிருந்தது. அதனால் எல்லாம் தாமதம். ஆறு சாம்பிள் வெடித்தாகிவிட்டது. ஏழாவது ஒரு பெரிய அணுகுண்டு. திரி புகைந்தது, புகை நின்றது, வெடிக்கவில்லை.

"எண்ணு தாயி" என்றார் அண்ணாச்சி. வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

எண்ணினேன். ஐம்பதைத் தாண்டும்போது தூரத்தில் மெயின் ரோட்டில் பஸ் வருவது தெரிந்தது. கரிசல் காட்டில் மரம் மட்டை கிடையாது. வருகிற பஸ் இரண்டு மைலுக்கு அப்பாலேயே கண்ணில் படும். கம்பெனி வாசலுக்கு ஓட எனக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று தெரியும். ஐம்பத்தொன்பது சொன்னேன். அடுத்ததாக எண்பது சொன்னேன்.

நாக்குத் தவறிவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இங்கே எழுதுகிறேன்: நாக்குத் தவறவில்லை. அறுபது வாய்வரை வந்தது, நான்தான் விழுங்கினேன். நூறாவது எண்ணில் என் குரல் மிகத் தெளிவாக இருந்தது.

அண்ணாச்சி போனார். வாளித் தண்ணீர் சிந்தாமல் அவர் பாட்டுக்கு நடந்தார். நான் நோட்டை மூடிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் குனிவதைப் பார்த்தேன். குனிந்தபோது வெடித்தது.

அதன் பிறகு அவர் இரண்டு கண்களாலும் எதையும் பார்க்கவில்லை.

பஸ் போய்விட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் விஷயம் கேள்விப்பட்டு மறுநாளும் வந்தார்கள். என் முகத்தில் ஒளி இல்லையே என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டதற்கு, கூட வேலை பார்த்தவருக்கு விபத்து, அதிர்ச்சியில் இருக்கிறாள் என்றார்கள். இரக்க குணம் உள்ள பெண் என்று அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

5

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர்கள் விசாரித்தபோது கண்ணில் கட்டோடு அண்ணாச்சி சொன்னது இது: "பிள்ள நூறும் எண்ணிச்சு. நான் காதால கேட்டேன். அது மேல ஒரு தப்பும் இல்ல." என்னைக் கேட்டார்கள். "ஆமா, நூறு" என்றேன். எழுதிக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதத்தில் விமானம் ஏறினேன்.

இங்கே வந்த புதிதில் ஒரு நாள், பக்கத்து வீட்டு அம்மாள் தேநீர் ஊற வைத்துவிட்டு விநாடி எண்ணினாள். எடுத்த எடுப்பில் இருபத்தொன்று, இருபத்திரண்டு என்றாள். முதல் இருபது எங்கே என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் விளக்கினாள்: ஒன்று, இரண்டு என்ற சொற்கள் சிறியவை, சொன்னதும் முடிந்துவிடும், இருபத்தொன்று என்ற ஜெர்மன் சொல்லைச் சொல்லி முடிக்கச் சரியாக ஒரு விநாடி ஆகும், அதனால் எல்லோருமே அப்படித்தான் எண்ணுவார்களாம். இந்த ஊரில் எல்லோரும் சர்வசாதாரணமாக இருபதை விட்டுவிட்டு எண்ணுகிறார்கள். எனக்கு அந்தத் தேநீர் இறங்கவில்லை.

இன்னொரு நாள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசா நீட்டிக்க உட்கார்ந்திருந்தேன். என் டோக்கன் அறுபத்தேழு. திரையில் அறுபத்தேழு வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. மணி அடித்து அறுபத்தெட்டுக்குப் போய்விட்டது. ஜன்னல்காரியிடம் கெஞ்சினேன், மறுபடியும் டோக்கன் எடுக்கச் சொன்னாள். மொழி தெரியாதவள் என்று நினைத்து அந்த எண்ணை எனக்கு இரண்டுமுறை மெதுவாகச் சொல்லியும் காட்டினாள்.

அறுபதிலிருந்து எழுபத்தொன்பதுவரை உள்ள எண்கள் எனக்கு இப்படித்தான். வீட்டு எண்ணில், பஸ் எண்ணில், டாக்டர் எண்ணும் என் நாடித் துடிப்பில் எங்காவது ஒன்று வந்து நிற்கும். நான் விழுங்கியவை ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. துப்பாக்கித் தோட்டா வேலைக்கே நான் ஏன் போனேன் என்று என் கணவர் கேட்டதுண்டு. வேதியியல் படித்ததற்கு வேறு கிடைக்கவில்லை என்றேன். அதுவும் உண்மைதான். ஆனால் அங்கே எல்லாவற்றையும் முழுதாக எண்ண வேண்டும், எண்ணியதை எழுத வேண்டும். அது எனக்கு வேண்டியிருந்தது.

கூடத்தின் பாதுகாப்புப் படிவம் ஒன்று உண்டு. ஆறு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நான்காவது கேள்வி: வெடிபொருள் விபத்துக்கு நீங்கள் எப்போதாவது காரணமாக இருந்திருக்கிறீர்களா? இரண்டு முறை 'இல்லை' போட்டுவிட்டேன். மூன்றாவது படிவம் இப்போது மேசையில் கிடக்கிறது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணாச்சிக்குப் போன் செய்வேன். அவர் மனைவி பேச்சி மைனி வீட்டோடு ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அண்ணாச்சி கடையில் உட்கார்ந்திருப்பார். மிட்டாய்ச் சாடி எது, பாக்கு எது என்பதெல்லாம் கைக்குத் தெரியும். போனை எடுத்ததும், "அங்கன மழ உண்டா தாயி?" என்பார். அந்த விபத்தைப் பற்றி அவரிடம் ஒரே வாக்கியம்தான். அதை என்னிடமும் சொல்வார், கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வார் என்று மைனி சொல்லியிருக்கிறார்.

"அது எனக்குன்னே காத்துக் கெடந்துது. நூறு எண்ணுன பொறவும் வெடிக்காம, நான் குனிஞ்ச உடனே வெடிக்குதுன்னா வேற என்ன? யார ஏச?"

இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். நானும் இந்தப் பக்கம் ஒரு சத்தம் எழுப்புவேன். பதினெட்டுத் தீபாவளி இப்படிப் போயிற்று.

6

கயலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கார் வீட்டு வாசலில் நின்ற பிறகும் இறங்காமல் கேட்டாள். முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அவர்ட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

பயம் என்றேன். வெட்கம் என்றேன். அவர் நிம்மதியாக இருக்கிறார் என்றும் சொன்னேன். கடைசிக் காரணத்தை அவள் ஏற்கவில்லை. "அது அவரோட கண்ணு. என்ன நடந்துச்சுன்னு அவருக்குத் தெரியணும்" என்றாள். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு உண்மை பேசுவது குப்பை பிரிப்பது மாதிரி. கண்ணாடி இதில், காகிதம் அதில், போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளலாம். அவளைக் குறை சொல்லவில்லை. அவள் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. பதினெட்டு வருடம் சுமந்ததை இறக்கி வைக்க ஒரு பிள்ளை அனுமதி கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். ஊரில் பிற்பகல். மைனி சந்தைக்குப் போயிருந்தார். அண்ணாச்சிதான் எடுத்தார்.

"யாரு, செம்பகமா? தீவாளி வரலயே இன்னும். அங்கன மழ உண்டா?"

"இல்ல அண்ணாச்சி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு தாயி. நான் எங்கன போவப் போறேன்?"

"அன்னைக்கு நான் நூறு எண்ணல. அம்பத்தொம்பது சொல்லிட்டு எம்பதுக்குப் போயிட்டேன். பஸ்ஸப் பாத்துட்டு, வேணும்னேதான் செஞ்சேன்."

கடைக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் கடந்து போவது கேட்டது. யாரோ வெற்றிலை கேட்டார்கள். அண்ணாச்சி, "பொறவு வா" என்று அனுப்பினார்.

"எத்தன விட்ட?"

"இருவது."

"அந்த இருவதையும் எண்ணியிருந்தா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கணக்கை நான் எத்தனை ஆயிரம் முறை போட்டிருப்பேன். சுவரிலிருந்து முப்பது தப்படி, கையில் வாளி, அவருடைய நடை. அவர் குனிந்தபோது உண்மையில் தொண்ணூற்றைந்துகூட ஆகியிருக்காது. அளந்ததை அளந்தபடி சொல்வதுதானே என் வேலை.

"செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னிருப்பிய அண்ணாச்சி. நான் எண்ணி முடிக்கதுக்குள்ளயே அது வெடிச்சு முடிஞ்சிருக்கும்."

மிட்டாய்ச் சாடியின் மூடியை அவர் திருகுவது கேட்டது.

"ஏசுங்க அண்ணாச்சி. என்னமாவது சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல?" குரல் உயரவே இல்லை. "பதினெட்டு வருசமா அது எனக்குன்னு காத்துக் கெடந்துதுன்னு நெனச்சிருந்தேன். சாமி விட்ட வழின்னு இருந்தேன். யார் மேலயும் கோவம் கெடையாது, பாத்துக்க. பேச்சிகூடக் கேப்பா, எப்படி இப்படி உறங்குதியன்னு. அப்படி உறங்குவேன்."

நான் அழுதேன். கயல் அறை வாசலில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள், எல்லாம் நல்லபடியா என்று. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இப்பம் அது காத்துக் கெடக்கல. ஒரு ஆளு இருக்கு. அதுவும் நீ." மூச்சு வாங்கினார். "இனி நான் எப்படித் தாயி உறங்க?"

மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டிருந்தேன். இருட்டில் இருந்த மனிதரிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டேன், என் பாரம் குறைய வேண்டும் என்று.

"வச்சிரட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இரு" என்றார். "நான் சொல்லுதப்ப வை."

அந்தப் பக்கம் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. நான் எண்ணாமல் இருந்தேன்.